பென்டிரைவுக்கு வைத்த பொட்டு

போன வருடம் தை மாதம், கல்வராயன் மலையில் கரியாலூரில் என் மச்சானின் திருமண வரவேற்பு நடந்தது. நான் கள்ளக்குறிச்சியில் டிஜே. கல்யாணம், காதுகுத்து என்று எட்டு வருடமாகப் பாட்டு போடுகிறேன். சங்கராபுரம் பக்கம் விவசாயம் பார்க்கும் என் மாமனாருக்கு என் தொழிலைப் பற்றி ஒரே கருத்துதான்: "பட்டனத் தட்றதெல்லாம் ஒரு வேலையா மாப்ள?" ஒரு தடவையாவது அந்த மனிதரை வாயடைக்க வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அதற்காக எப்போதும் கொண்டுபோகும் லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, பெரிய கிளப்புகளில் வைத்திருக்கும் பிளேயர்களைப் புதுச்சேரியிலிருந்து வாடகைக்குச் சொன்னேன். அதில் பென்டிரைவைச் செருகினால் போதும். ஆனால் செருகுவதற்கு முன்னால் ஏகப்பட்ட வேலை இருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலும் தாளம் எங்கே விழுகிறது, எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்று குறித்து, மணமக்கள் நுழைய, சாப்பிட, ஆட என்று தனித்தனி ஃபோல்டர் போட ஒரு வாரம் ஆனது; மனைவி அதை அவள் அப்பாவிடம் போனில் சொல்லியும் விட்டாள். மாமனாருக்குப் பிடித்த பழைய பாட்டுகளுக்குக்கூட ஒரு ஃபோல்டர் போட்டேன். ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு பென்டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் ஓட்டியும் பார்த்தேன். இரண்டும் பிசிறில்லாமல் ஓடின.

காலையில் கிளம்பும்போது, புது வண்டிக்குச் செய்வதுபோல இரண்டையும் சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டேன். சந்தனம், குங்குமம் இல்லாமல் என்ன பூஜை? கறுப்பு உடம்பில் பொட்டு எடுப்பாகத் தெரியாது என்று, செருகுகிற வெள்ளி மூக்கிலேயே தாராளமாக வைத்து, மூடியை அழுத்திப் போட்டேன்.

மலையில் பொழுது சாய்ந்தால் குளிர் என்று பகலிலேயே வரவேற்பு. மணமக்கள் வாசலில் வந்து நின்றார்கள். பென்டிரைவைச் செருகினேன். மெஷின் திரையில் ஒன்றுமே வரவில்லை. இன்னொன்றைச் செருகினேன். அதுவும் அப்படியே. போனில் இருந்து போடலாம் என்றால் அங்கே சிக்னல் இல்லை. இரண்டும் ஒன்றாகவா கெட்டுப்போகும்? மெஷினில்தான் கோளாறு என்று முடிவுகட்டிவிட்டேன்.

மெஷினோடு வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். அவர்மேல் பாய்ந்தேன். "இன்னா மெஷினுங்க இது? பழைய இரும்பக் கொண்டாந்து என் மானத்த வாங்கறீங்களா?" முன்வரிசையில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் பென்டிரைவைச் செருகினார். திரையில் பாட்டுப் பெயர்கள் வரிசையாக வந்தன. அப்படியென்றால் மெஷினில் கோளாறு இல்லை.

என்னுடையதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அண்ணா, உள்ளாற சந்தனம் காஞ்சி கெடக்குது" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்த பெண்ணிடம் ஓடி, நெயில் பாலிஷ் ரிமூவரும் மெல்லிய பிரஷும் வாங்கி வந்து சுத்தம் செய்ய ஆரம்பித்தார்.

அதற்குள் மாமனார் மேடைக்கே வந்துவிட்டார். "இன்னாபா, பொண்ணு மாப்ளய வெயில்ல நிக்க வெச்சிக்கினு இன்னா பண்றீங்க?"

நான் வாயைத் திறக்குமுன் மெஷினோடு வந்தவர் முந்திக்கொண்டார். "எங்க மெஷின்லதாங்க கோளாறு. ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும்."

மாமனார் அவரைப் பிடித்துக்கொண்டார். "பாத்து எடுத்தார மாட்டியா? எங்க மாப்ள ஒரு வாரமா ஒக்காந்து வேல பாத்திருக்காரு. உன்னால அவரு பேரு கெடுது."

வேலை. எட்டு வருடமாக நான் கேட்க ஏங்கிய சொல். அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. பேசாமல் நின்றிருந்தால் அது என்னுடையதாகிவிடும். ஆனால் அந்த மனிதர் தலையைக் குனிந்தபடி என் பென்டிரைவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"மாமா, அவரத் திட்டாதீங்க. மெஷினு நல்லாத்தான் இருக்குது. நாந்தான் பென்டிரைவுக்குப் பொட்டு வெச்சிட்டேன்."

மாமனார் என்னைப் பார்த்தார். பென்டிரைவைப் பார்த்தார். "ரெண்டுத்துக்குமா?"

"ரெண்டுத்துக்குந்தான்."

அவர் சிரித்த சிரிப்பில் மைக்கே தேவைப்படவில்லை. அந்த நேரம் பார்த்து மெஷின்காரர் சுத்தம் செய்த பென்டிரைவைச் செருக, திரையில் என் ஃபோல்டர்கள் வந்தன. மணமக்கள் உள்ளே வர, நான் குறித்து வைத்திருந்த இடத்தில் தாளம் சரியாக விழுந்தது. கடைசியில் மாமனாரின் பழைய பாட்டுக்கு அவரே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆடினார்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புதுச்சேரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்கண்ணா, டென்ஷன்ல எல்லாரும் பேசறதுதான்" என்று சொல்லிவிட்டு என் இலையில் இன்னொரு வடையை வைக்கச் சொன்னார்.

இப்போதும் பூஜை போடுகிறேன், பொட்டு மட்டும் பென்டிரைவ் வைக்கும் பையின்மேல். மாமனார் இந்தக் கதையைச் சொல்லாத வீடு கிடையாது. "எங்க மாப்ளைக்குப் பாட்டு ஏத்தறதே ஒரு வாரத்து வேல" என்றுதான் ஆரம்பிப்பார். அதைக் கேட்கும்போதெல்லாம், எல்லோர் முன்னாலும் திட்டிய என்னைக் காப்பாற்ற என் தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்ட அந்த மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். யாரிடமாவது குரலை உயர்த்தப் போனால், முதலில் என் பென்டிரைவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன்.