நாற்பத்து மூன்று சம்பந்திகள்

வீட்டில் சுழலக்கூடிய எது நின்றுபோனாலும் அதற்கான உதிரி பாகம் அந்தக் கடையில் கிடைக்கும். வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், மிக்ஸி, மின்விசிறி எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் வகைச் சாமான்கள். எது எப்போது தீரும், எதை எத்தனை வாங்கி வைக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஸ்டோர் அக்காவின் வேலை. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த மெக்கானிக்குகளும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கவுண்டரில் விற்பனையைப் பார்த்த அவள் கணவரும் ஊரோடு ஒத்துப்போய் இரண்டொரு தடவை அப்படிக் கூப்பிட்டு, அன்றைய சாயங்காலம் வீட்டில் அதற்கான பலனை அனுபவித்திருக்கிறார்.

அக்காவுக்கு உலகத்தில் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது சராசரி.

"மாசம் சராசரியா நாலு போகுதுன்னு சொல்றீங்க. மாசாமாசம் நாலா? இல்ல, பதினோரு மாசம் தூங்கிட்டு, ஒரே நாள்ல நாப்பத்தெட்டா? ரெண்டுக்கும் சராசரி ஒன்னுதான். ஆனா ரெண்டாவதுல என் உயிர் போயிடும்."

எந்தச் சாமானைப் பற்றியும் அவளிடம் இரண்டே கேள்விகள்தான். எப்போது கேட்பார்கள், எத்தனை கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் வந்த பதில்களை வைத்து மூவாயிரத்தையும் நான்கு கட்டங்களில் அடைத்துவிட்டாள். நாளும் தவறாது, அளவும் மாறாது என்றால் பால்காரர். தவறாமல் வரும், ஆனால் ஒரு நாள் ஒரு வாய் தண்ணீரோடு எழுந்துவிடும், மறுநாள் பானையைக் கவிழ்க்கும் என்றால் கொழுந்தன். எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் ஒரே ஒரு டீதான் என்றால் சித்தப்பா. எப்போது வரும் என்றும் தெரியாது, எத்தனை பேரோடு வரும் என்றும் தெரியாது என்றால் சம்பந்தி.

பால்காரருக்கு வாரக் கணக்குப் போட்டு வாங்கினால் போதும். கொழுந்தனுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். சித்தப்பாவுக்கு ஒன்றோ இரண்டோ எப்போதும் இருக்க வேண்டும், போனதும் மறுபடி வாங்கி வைத்துவிட வேண்டும். சம்பந்தியைக் கணிக்க முயல்பவன் முட்டாள் என்பது அக்காவின் தீர்ப்பு. அவளுக்கு நிஜமாகவே ஒரு கொழுந்தன் இருந்தார். இந்தப் பாகுபாடு அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அடுத்த வேளைக்கு வந்திருப்பார்.

இந்த நான்கு கட்ட அட்டவணை நாலு வருஷமாக அவள் கண்ணாடி அறையின் சுவரில் தொங்கியது. கீழே அவளுடைய கையெழுத்து. அறை, சரக்கு வந்து இறங்கும் பின்வாசலைப் பார்த்து இருந்தது. ரேக்குகளும் கவுண்டரும் அவள் முதுகுக்குப் பின்னால். அங்கே நடப்பதெல்லாம் சீட்டுகளாக மட்டுமே அவளிடம் வந்து சேரும். சாமான் கைமாறினால் ஒரு சீட்டு, சாயங்காலம் கணினியில் ஒரு பதிவு. சீட்டு பொய் சொல்லாது என்று அவள் நம்பினாள். சீட்டும் பொய் சொல்லவில்லைதான்.

சம்பந்தி என்று முத்திரை விழுந்தவை நாற்பத்து மூன்று வகை. அவை ஏழாவது தட்டில், கூரையை ஒட்டி இருந்தன. எப்போதாவது போகிற சாமானைக் கைக்கெட்டும் உயரத்தில் வைக்க யாருக்குப் பைத்தியம்?

ஒரு திங்கட்கிழமை முதலாளியம்மா அந்தத் தட்டை அண்ணாந்து பார்த்தார்.

"நீதானே சொன்ன, இந்த சம்பந்திக் கூட்டத்தைக் கணிக்கவே முடியாதுன்னு?"

"சொன்னேம்மா."

"கணிக்க முடியாதது என் கடையில எதுக்கு? மொத்தமா எடுத்துக்கறவர் ஒருத்தர் வெள்ளிக்கிழமை வர்றார். இந்த ரேக்கையே கழட்டிட்டு இங்க ஒரு சோபா போடறோம்."

"சோபாவா?"

"வாங்க வர்றவங்க காத்திருக்க வேணாமா?"

"சாமான் இல்லன்னாதானேம்மா காத்திருப்பாங்க?"

முதலாளியம்மா இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அட்டவணையைச் சுட்டிக்காட்டி, "உன் கையெழுத்துதானே?" என்று மட்டும் கேட்டார். அக்காவுக்குப் பெருமையாகவே இருந்தது. தன் அட்டவணையை ஒருவர் படித்தது அதுவே முதல் தடவை.

பெருமை புதன்கிழமை வரை நீடித்தது. அன்று காலை, தொட்டதெல்லாம் ஓடும் என்பதால் கைராசி என்று பெயர் வாங்கிய வாஷிங் மெஷின் மெக்கானிக், கவுண்டரைத் தாண்டி நேராக அவள் அறைக்கே வந்துவிட்டார்.

"அக்கா, ஒரு கதவு ரப்பருக்கு நான் எத்தனை நடை நடக்கறது? அந்த வீட்டுல மெஷின் குளமா ஒழுகுது. வீட்டம்மா என்னைப் பாத்தாலே கதவைச் சாத்தறாங்க. அந்தக் கதவு மட்டும் நல்லா மூடுது."

"கதவு ரப்பரா? மேல பதினெட்டு இருக்கே?"

"உங்க வீட்டுக்காரர் அடுத்த வாரம் வாங்கங்கறார். போன வாரமும் அதையேதான் சொன்னார்."

அக்கா அவரை உட்காரவைத்துவிட்டுப் பழைய சீட்டுகளைப் புரட்டினாள். கதவு ரப்பர் ஒரே நாளில் ஏழு போயிருந்தது. பிறகு ஒன்பது நாள் ஒன்றுமில்லை. பிறகு மூன்று, அதன்பின் இருபத்து நாலு நாள் மௌனம், பிறகு பதினொன்று. சந்தேகமே இல்லை, அசல் சம்பந்தி. பக்கத்துப் பெட்டியில் இருந்த மோட்டார் மூடியைப் பார்த்தாள். அதுவும் அதே நாட்களில்தான். மின்விசிறிக் கிண்ணமும் அதே நாட்களில். ஊரில் வாஷிங் மெஷினும் தண்ணீர் மோட்டாரும் மின்விசிறியும் கூடிப் பேசி, நாள் குறித்துக் கெட்டுப்போகுமா? நாற்பத்து மூன்று சம்பந்திகளும் நாலு வருஷமாக ஒரே வண்டியில்தான் வந்து இறங்கியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் சமையலறையில் விசாரணை நடந்தது. அவள் கணவருக்குக் கடையில் சவுண்டு என்று பெயர். அவர் ரகசியம் பேசினால் எதிர்வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். அந்தச் சவுண்டு அன்று வெங்காயம் உரித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் நின்றார்.

"ஏங்க, ஏழாவது தட்டுல இருக்கற சாமானை யார் எடுத்துக் குடுக்கறது?"

"நான்தான். வேற யாரு?"

"எப்படி?"

"ஏணி போட்டுத்தான்."

"ஏறினது யாரு?"

சவுண்டு வெங்காயத்தையே பார்த்தார். "மூணாவது படி வரைக்கும் நான் ஆம்பளை. அதுக்கு மேல கடையே சுத்துதும்மா."

விஷயம் இதுதான். பக்கத்துத் தெருவில் பெயர்ப்பலகை எழுதுகிற பெயிண்டர் ஒருவர் இருந்தார். உயரம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வேலையில்லாத நாளில் டீ குடிக்க வருவார், வந்தால் ஏணியில் ஏறித் தருவார். அவருக்கு எப்போது வேலை இருக்காது என்று அவருக்கே தெரியாது. அதுவரை மேல்தட்டுச் சாமான் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் சவுண்டு, அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெயிண்டர் வந்ததும், சேர்ந்து கிடந்ததெல்லாம் ஒரே நாளில் வினியோகம், கட்டுக்கட்டாகச் சீட்டு.

அக்கா பல்லைக் கடிக்கத்தான் பார்த்தாள், சிரிப்பு முந்திக்கொண்டது. "அப்போ நாலு வருஷமா நான் கணிச்சது கதவு ரப்பரை இல்ல. அந்த பெயிண்டர் எப்போ சும்மா இருப்பாருங்கறதை!"

எப்போதாவது போகிறது என்று மேலே வைத்தாள். மேலே வைத்ததால்தான் எப்போதாவது போனது. வீட்டில் பல்பு மாற்றுவது எப்போதும் அவள் வேலையாகவே இருந்ததும் இப்போது புரிந்தது. பதினாறு வருஷமாக அதைத் தன் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்திருந்தாள்.

"கேட்டு வந்தவங்களை எப்படி ஞாபகம் வச்சுப்பீங்க?"

"எழுதி வச்சிருக்கேன்ல?" என்று சவுண்டு நாலு பாக்கெட் டைரிகளை எடுத்து வந்தார். வருஷத்துக்கு ஒன்று. யார், என்ன, எத்தனை, எந்தத் தேதி, போன் நம்பர், எல்லாம் முத்து முத்தான எழுத்தில். ஏணி ஏறாத மனிதர் அதைவிடச் சிரமமான வேலையை நாலு வருஷமாக ஒரு நாள் விடாமல் செய்திருந்தார்.

குழம்பு அடிபிடிக்கும் வரை அக்கா டைரிகளோடு உட்கார்ந்திருந்தாள். கேட்ட தேதிப்படி பார்த்தால் கதவு ரப்பர் வாரம் தவறாமல் மூன்று, இல்லையென்றால் நாலு. சுத்தமான பால்காரர்! நாற்பத்து மூன்றில் முப்பத்தொரு பேர் பால்காரர்கள். ஒன்பது பேர் சித்தப்பாக்கள். ஒரு கொழுந்தன். உண்மையான சம்பந்தி இரண்டே பேர்.

"நாளன்னிக்கு இதெல்லாம் போயிடுச்சுன்னா திரும்ப வரவழைக்க மூணு மாசம் ஆகும். ஊர்ல பாதி மெஷின் படுத்துக்கும். முதலாளியம்மாகிட்ட டைரியைக் காட்டப்போறேன்."

"காட்டினா ஏன் எழுதினேன்னு கேப்பாங்க. ஏணி ஏற பயந்தவனை எவ கவுண்டர்ல வச்சுப்பா? போதாததுக்கு ஊரே சிரிக்கும். வேணாம்மா, சொல்லிடாதே."

காட்டாவிட்டால் சாமான் போகும், காட்டினால் மனிதர் போவார். வியாழக்கிழமை அக்கா இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்து முதலாளியம்மாவிடம் போனாள்.

"அட்டவணையில ஒரு பிழை இருக்கும்மா."

"என்ன பிழை?"

"சொல்ல முடியாத பிழை."

"கணிக்க முடியாத சாமான், சொல்ல முடியாத பிழை. உனக்கு ரெண்டு நாள் லீவு வேணுமா?"

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மொத்தமாக வாங்குபவர் வந்தார். பனைமரத்துக்குப் பேன்ட் போட்டதுபோல் இருந்தார். ஏணியின் பதினோரு படியையும் நாலே எட்டில் ஏறி, முதல் பெட்டியைத் தூக்கினார். கதவு ரப்பர். அதே நேரத்தில் கைராசியும் வந்து கவுண்டரில் நின்றார்.

"அண்ணே, ரப்பர்?"

அடுத்த வாரம் என்று சொல்லத்தான் சவுண்டு வாயைத் திறந்தார். அடுத்த வாரம் இந்தக் கடையில் ரப்பரே இருக்காது என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். திறந்த வாயை மூட முடியவில்லை. அக்காவைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"யோவ், அதை வைய்யா அங்கயே! அம்மா! எனக்கு ஏணி ஏறினா தலை சுத்தும்மா! பொறந்ததுலேர்ந்து சுத்துது! அந்த ரப்பர் வாராவாரம் மூணு போகும்மா, நான்தான் எடுத்துக் குடுக்கல!"

எந்த ரகசியத்தை ஊர் அறியக் கூடாது என்று கெஞ்சினாரோ, அது தெருக்கோடி வரை போனது. எதிர்க் கடையில் ஒருவர் அளந்துகொண்டிருந்த துணியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

அக்கா நாலு டைரிகளையும் முதலாளியம்மாவின் மேஜையில் வைத்தாள். "சொல்ல முடியாத பிழை இதுதாம்மா. இவர் மேல பாதி, என் மேல பாதி. நானும் நாலு வருஷத்துல ஒரு நாள்கூடத் திரும்பிப் பாக்கல."

முதலாளியம்மா புரட்டினார். கோபம் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்ததுபோல்தான் தெரிந்தது. "இது யார் எழுத்து? இவ்வளவு அழகா எழுதறவனைக் கவுண்டர்ல நிக்க வச்சிருக்கேனா?" என்றவர் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். "இன்னிக்குத் தேதிக்கு முப்பத்தாறு பேர் காத்திருக்காங்களா? நிஜமாவா? கூப்பிடு பாக்கலாம்."

சவுண்டு போனை எடுத்தார். போன் தேவையா என்றே சந்தேகப்படும்படி கூப்பிட்டார். அரை மணியில் வாசலில் ஸ்கூட்டர்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. பெல்ட் கேட்டவர் மூடி கேட்டவரின் காலை மிதித்தார். வந்த வேகத்தில் ஒருவர் தான் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டார், சவுண்டு டைரியைப் பார்த்து அவருக்குச் சொன்னார். கைராசி ரப்பரை மாலைபோல் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடினார்.

இதற்கெல்லாம் ஏணியில் ஒரு ஆள் வேண்டும் அல்லவா? அதில்தான் ஏற்கெனவே ஒருவர் இருந்தாரே.

"நான் வாங்க வந்தவன்ம்மா!" என்றார் மேலே இருந்தவர்.

"வந்த இடத்துல ஒரு உதவி," என்று முதலாளியம்மா ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அந்த மூணாவது பெட்டி. அது இல்ல, பக்கத்துல."

பன்னிரண்டு மணிக்குள் அந்த மனிதருக்குப் பெட்டி எல்லாம் மனப்பாடம். பெயர் சொன்னால் பாராமலே கை நீட்டினார். நடுவில் ஒரு தடவை விசில்கூட அடித்தார். கீழே இரண்டாம் தட்டைக் காலி செய்து பால்காரர்களுக்கு இடம் ஒதுக்கியாயிற்று. நிஜ சம்பந்தி இரண்டும் மேலேயே இருக்கட்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். சோபா பற்றி யாரும் பேசவில்லை. அத்தனை கூட்டத்தில் உட்கார யாருக்கும் தோன்றவும் இல்லை.

அக்கா கணினி முன்னால் உட்கார்ந்து அன்றைய சீட்டுகளை எடுத்தாள். எடுத்த கை நின்றது. ஒரே நாளில் கதவு ரப்பர் பன்னிரண்டு. மோட்டார் மூடி எட்டு. இதை இப்படியே பதிந்தால், கணினியின் கணக்கில் இன்றைக்கு வந்திறங்கியதுதான் இதுவரை வந்ததிலேயே பெரிய சம்பந்தி. பால்காரர்கள் அத்தனை பேரும் மறுபடி கூரைக்குப் போக வேண்டியதுதான். டைரியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

முதலாளியம்மா ஏணியைப் பிடித்தபடியே எட்டிப் பார்த்தார். "என்ன தேதி போடற? குடுத்தது இன்னிக்குத்தானே?"

"குடுத்தது நம்ம வசதிம்மா. கேட்ட தேதியைப் போடறேன்."

"சவுண்டு, சத்தமா படி. அவ எழுதட்டும்."

சத்தமாகப் படி என்று அவரிடம் ஒருவர் சொன்னது வாழ்க்கையிலேயே முதல் முறை. சவுண்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தார். "நாலாம் தேதி, கதவு ரப்பர், ஒன்னு! ஆறாம் தேதி, மோட்டார் மூடி, ரெண்டு!" எதிர்க் கடைக்காரர் தன் துணியில் தப்பாக ஆறு என்று அளந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அம்மா," என்றார் மேலே இருந்தவர் பணிவாக, "அந்த ரெண்டு நிஜ சம்பந்தியையாவது எடுத்துக்கிட்டு நான் இறங்கலாமா?"

"இருங்க!" என்று மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்டன. அதில் ஒன்று மட்டும் மற்ற இரண்டையும் மூழ்கடித்தது.