உச்சரிப்பு சரியில்லை

உறவுக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஏர்போர்ட்’. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வெளிநாடு போகிறவர்களுக்கு வேலை தேடிக்கொடுத்து, விசா வாங்கி, விமானம் ஏற்றிவிடுவது அவர் தொழில். பதினொரு வருடத்தில் இருநூறு பேருக்கு மேல் அனுப்பிவிட்டார். ஆனால் அவர் ஒருமுறைகூட விமானத்தில் கால் வைத்ததில்லை. மைத்துனன் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால், “டிக்கெட் கவுண்டர்ல உக்காந்திருக்கிறவன் ரயிலோடயா போறான்?” என்று வாயை அடைத்துவிடுவார்.

கண்ணாடிக்கடைக்கு மேலே இரண்டு அறைகள்தான் அலுவலகம். முன்னறைச் சுவர் முழுக்க, வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு நடுவே சிரித்தபடி நிற்கும் ஆசிரியர்களின் படங்கள். புதிதாக வருகிறவர்களிடம் அதைக் காட்டி, “இவங்கல்லாம் நம்ம மூலமா போய்ச் சேந்தவங்க” என்பார். ஒருநாள் அதைக் கேட்டுவிட்ட மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, வேற நல்ல வார்த்தையே கிடைக்கலையா உங்களுக்கு?”

உள்ளறையில் ஒரு நீலத் திரை, வட்ட விளக்கு, தாங்கியில் மாட்டிய செல்போன். விண்ணப்பிக்கிறவர் அங்கே நின்று இரண்டு நிமிடம் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். அதைப் படமெடுத்துப் பள்ளிக்கு அனுப்புவார். கையை எங்கே வைப்பது, எப்போது சிரிப்பது என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பார். ஒரே ஒருவருக்கு மட்டும் அவர் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த டீச்சருக்கு நாற்பத்து மூன்று வயது. இருபது வருடமாக ஒரே பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவர். இவருடைய மகளும் அங்கேதான் படிக்கிறாள், ஆனால் அப்போது அவர் வகுப்பில் இல்லை. எதற்காக வெளிநாடு போக வேண்டும் என்று கேட்டதற்கு, “நம்ம பிள்ளைங்க என்ன சந்தேகம் கேக்கும்னு எனக்கு மனப்பாடமாயிருச்சு சார். வேற ஊர்ப் பிள்ளைங்க என்ன கேக்கும்னு பாக்கணும்” என்றார்.

நீலத் திரைக்கு முன்னால் ஒரு குடையை வைத்துக்கொண்டு நின்றார். ‘மழை வரும்’ என்பதற்கும் ‘மழை வரலாம்’ என்பதற்கும் ஆங்கிலத்தில் என்ன வித்தியாசம் என்று, குடையை விரித்தும் பாதி மடக்கியும் விளக்கினார். எதிரில் ஒரு குழந்தைகூட இல்லை. ஆனாலும் யாரோ தப்பாகப் பதில் சொன்னது போலக் காதைக் கொடுத்துக் கேட்டு, சிரித்து, திருத்தினார். செல்போனுக்குப் பின்னால் நின்ற இவர் நிறுத்தும் பொத்தானை அழுத்த மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார். இப்படி ஒரு ஆங்கிலத்தை அந்த அறை கேட்டதே இல்லை.

மறுநாளே வெளிநாட்டுப் பள்ளியிலிருந்து பதில் வந்தது. வருடத்துக்கு எட்டுப் பேரை இவரிடம் எடுக்கிற பெரிய பள்ளி. ‘பாடம் மிக நன்று. ஆனால் எங்கள் பெற்றோர்கள் நிறம் பார்ப்பார்கள். இன்னும் வெளுப்பான ஒருவரை அனுப்பவும்.’

இவருக்கு அது புதிதல்ல. மூன்று முறை இதே மாதிரி வந்திருக்கிறது. மூன்று முறையும் வேறு ஏதாவது சாக்குச் சொல்லி மென்று முழுங்கியிருக்கிறார்.

டீச்சர் வந்து உட்கார்ந்தபோது, இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிடுவதாகத்தான் இருந்தார். ஆனால் இவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்ட அவர், “என் பாடத்துல என்ன குறை சார்? சொன்னா திருத்திக்குவேன்” என்று நோட்டைத் திறந்து பேனாவை எடுத்துவிட்டார். அந்தப் பேனாவைப் பார்த்ததும் இவருக்குப் பதற்றமாகிவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

“உச்சரிப்பு கொஞ்சம் சரியில்லைன்னு சொல்றாங்க மேடம்.”

டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. “எந்த வார்த்தை?”

“பொதுவா.”

‘பொதுவா’ என்று நோட்டில் எழுதிக்கொண்டார். “அப்ப இருபது வருஷமா பிள்ளைங்களுக்குத் தப்பாத்தான் சொல்லிக்கொடுத்திருக்கேனா?”

“அப்படியெல்லாம் இல்ல மேடம். அங்க எதிர்பார்க்கிறது வேற.”

எழுந்து போகும்போது, “பூசி மெழுகாம நேரா சொன்னதுக்கு நன்றி சார்” என்றார். அன்று முழுக்க அந்த நன்றி இவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆனால் ஒரு வாரத்தில் அடுத்த ஆள், அடுத்த விசா என்று வேலை வந்து அதை மூடிவிட்டது.

எட்டு மாதம் கழித்து மகள் எட்டாம் வகுப்புக்குப் போனாள். ஒருநாள் சாப்பிடும்போது, “இந்த வருஷ இங்கிலீஷ் மிஸ் வாசிக்கவே மாட்டேங்கிறாங்கப்பா” என்றாள். “எல்லாப் பாடத்தையும் ஸ்பீக்கர்லதான் போடுறாங்க. முன்னாடி அவங்க வாசிச்சா பக்கத்து கிளாஸ்ல இருக்கிறவங்ககூட கேப்பாங்களாம். இப்ப கேட்டா, ‘என் உச்சரிப்பு சரியில்லம்மா, அதைக் கேட்டு நீங்களும் கெட்டுப்போகக் கூடாது’ங்கிறாங்க.”

இவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி, “என்னங்க, காரமா?” என்று தண்ணீரை நகர்த்தினாள்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டினார். எந்தச் சமாதானமும் எடுபடவில்லை. நாலாம் நாள் மதிய இடைவேளையில் பள்ளிக்குப் போனார். ஆசிரியர் அறையில் டீச்சர் தனியாக உட்கார்ந்து நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தார். மேசை மேல் அந்த ஸ்பீக்கர் இருந்தது.

“மேடம், நான் அன்னிக்குச் சொன்னது பொய்” என்று ஆரம்பித்தார். அந்த வெளிநாட்டுப் பள்ளியின் கடிதத்தைச் செல்போனில் எடுத்து நீட்டினார்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைச் சத்தமாகவே வாசித்தார். ஒவ்வொரு வார்த்தையும் நிறுத்தி, தெளிவாக, ஆங்கிலத்தில். ‘வெளுப்பான’ என்ற இடத்திலும் குரல் தடுக்கவில்லை. இவர்தான் கூனிக்குறுகி நின்றார்.

“இதை அன்னிக்கே காட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?” என்று டீச்சர் கேட்டார்.

“நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு...”

“நாலு நாள் திட்டியிருப்பேன் சார். அஞ்சாம் நாள் கிளாஸுக்குப் போயிருப்பேன். நிறத்துக்கு ஒருத்தன் வேண்டாம்னா அது அவனோட அசிங்கம். ஆனா என்கிட்ட சொத்துன்னு இருந்தது இந்தப் பேச்சு ஒண்ணுதான். அதுல போய்க் கை வச்சீங்களே!”

“அந்தப் பள்ளிக்கூடத்தோட தொடர்பு போயிருமோன்னு பயம் மேடம்.” அதுதான் உண்மை. சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டீச்சர் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போய்விடுங்கள் என்றும் சொல்லவில்லை. “உங்க பொண்ணு என் கிளாஸ்தானே? அவகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“சொல்லுங்க. என்னைவிட அவளுக்குத்தான் தெரியணும். தினமும் அந்த ஸ்பீக்கரைக் கேக்குறவ அவதான்.”

அன்று மாலை மனைவியையும் மகளையும் உட்கார வைத்துச் சொன்னார். மகள் திட்டவில்லை, அழவில்லை. மறுநாள் காலை ஸ்கூட்டரில் ஏறாமல், “நான் நடந்தே போறேன்” என்று கிளம்பிவிட்டாள். ஒரு மாதம் நடந்தே போனாள். மிஸ் மறுபடி வாசிக்க ஆரம்பித்துவிட்டார் என்ற சேதிகூட மனைவி வழியாகத்தான் இவருக்கு வந்தது.

பழைய பொய்கள் மூன்று பாக்கியிருந்தன. மூன்று பேரின் எண்களையும் தேடி எடுத்தார். முதல் ஆள், “இப்ப எதுக்கு சார் இதெல்லாம்?” என்று போனை வைத்துவிட்டார். இன்னொரு எண் உபயோகத்தில் இல்லை. மூன்றாமவள் இப்போது ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“எனக்கு அப்பவே தெரியும் சார்.”

“தெரிஞ்சும் ஏம்மா கேக்கல?”

“நீங்க என் மூஞ்சியைப் பாக்காமலே பேசிக்கிட்டிருந்தீங்க. பாவமா இருந்துச்சு. கேட்டா இன்னும் சங்கடப்படுவீங்களேன்னு விட்டுட்டேன்.”

வசை வாங்கியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

அந்தப் பெரிய பள்ளிக்கு, இனி ஆள் அனுப்புவதாக இல்லை என்று எழுதினார். அவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. அடுத்த வாரமே எதிர்த்தெருவில் வேறொருவர் அவர்களுக்கு ஆள் எடுக்க ஆரம்பித்தார். இவர் அதே இரண்டு அறைகளில் சிறிய பள்ளிகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். பள்ளி எழுதுவதை அப்படியே அச்செடுத்து உரியவர் கையில் கொடுத்துவிடுகிறார். கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது, டீச்சர் மற்ற அப்பாக்களிடம் பேசுவது போலவே இவரிடமும் பேசினார். “நல்லா எழுதுறா. வாசிக்கும்போது மட்டும் அவசரப்படுறா. வீட்டுல தினம் ஒரு பக்கம் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க.”

இவர் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் மனைவி அவரைப் பார்த்து, “அவங்கதான் ஒண்ணும் சொல்லலையே, அப்புறம் ஏன் இப்படி வேர்க்குது?” என்று கேட்டாள்.

“அதனாலதான்” என்றார்.