பச்சை மேலே வந்த நாள்

எங்கள் தெருச் சங்கத்துக்கு தேசப்பற்று ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் மாதிரி ஏறும். பதினாறாம் தேதி இறங்கிவிடும். தச்சநல்லூரில் நான் வீடு கட்டிக் குடிவந்ததிலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை. சங்கச் செயலாளர் இரும்புக்கடைக்காரர். அந்த வருடம் வீட்டுக்கு ஒரு கொடி என்று பாலியெஸ்டர் கொடிகளைக் கட்டுக்கட்டாக வாங்கி இறக்கினார். கம்பத்துக்கும் அதே துணியில், அதே அச்சில் பெரிதாக ஒன்று. என் வீட்டுக்கு வந்ததை விரித்துப் பார்த்தேன். சக்கரம் கோழிமுட்டை வடிவத்தில் இருந்தது. ஆரங்களை எண்ணினேன், இருபத்திரண்டு. இருபத்துநாலு இருக்க வேண்டுமே என்று கேட்டதற்கு, "காத்துல ஆடும்போது எவன் சார் எண்ணுதான்?" என்றார்.

நான் பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன். முப்பது வருடம் அங்கே கொடி கட்டியது நான்தான். பூவிதழ்களை உள்ளே வைத்து மடித்து, சுண்டினால் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போட்டு, உச்சியில் ஏற்றி வைக்க வேண்டும். விருந்தினர் கயிற்றை இழுத்ததும் கொடி விரிந்து பூக் கொட்ட வேண்டும். என் முடிச்சு ஒருநாளும் சிக்கியதில்லை. அந்தக் கர்வத்தோடுதான் சங்கத்துக் கொடியையும் கட்டப் போனேன். இந்தத் தெருவில் வேறு எவனுக்குத் தெரியும் என்ற நினைப்பு.

சங்கம் சம்பளத்துக்கு வைத்திருந்த, தெருக் கூட்டுகிற பெண், சேவந்திப் பூவை உதிர்த்து முறத்தில் கொண்டுவந்தாள். ஐம்பது வயது இருக்கும். கொடியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தைக் கண்டால் என் வாய் சும்மா இருக்காது. காவி தியாகம், வெள்ளை சமாதானம், பச்சை செழிப்பு என்று கிளிப்பிள்ளையாக ஒப்பிக்கிறீர்களே, ஆரம்பத்தில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு மதத்துக்கு இரண்டு நிறம் என்றுதான் வரைந்தார்கள், தெரியுமா என்று தொடங்கினேன். மற்றவர்களுக்காக வெள்ளை வந்ததையும், பிறகு சிவப்பைக் காவியாக்கி, நிறங்களுக்கு மதம் கிடையாது என்று பொருளையே மாற்றியதையும் சொன்னேன். ராட்டை இருந்த இடத்தில் சக்கரம் வந்ததற்கும் காரணம் வைத்திருந்தேன். ராட்டை இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி தெரியும். அறத்தின் சக்கரம் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான்.

வாய் பேச, கை தன் பாட்டுக்குக் கட்டியது. கதர்க் கொடியில் மேல்முனையில் ஒரு சிறு மரக்கட்டை இருக்கும். தடவினாலே மேல் எது, கீழ் எது என்று தெரிந்துவிடும். முப்பது வருடமும் நான் பார்த்துக் கட்டியதில்லை, தடவித்தான் கட்டினேன். இந்தக் கடைக் கொடியில் கட்டையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

"சார், பச்சை மேல வருதுல்லா?" என்றாள் அவள், பைய.

"எனக்கே சொல்லித் தாறியா? நீ பூவ ஒழுங்கா வையி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

சிறப்பு விருந்தினராக வந்த ஓய்வுபெற்ற அதிகாரி கயிற்றை இழுத்தார். பூக் கொட்டியது. கைதட்டினார்கள். பச்சை மேலே, காவி கீழே. தலைகீழாகியும் மாறாமல் இருந்தது அந்தக் கோழிமுட்டைச் சக்கரம் ஒன்றுதான்.

"எவம்லே கட்டுனது?" என்று செயலாளர் கத்தினார். கட்டியவன் யார் என்று அத்தனை பேருக்கும் தெரியும். அவர் கண் என் மேல் விழுந்தது. உடனே அவளிடம் போனது. "ஏட்டி, நீதான முனையப் பிடிச்ச? மாத்திப் பிடிச்சுத் தொலைச்சியா?"

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் வாய் திறப்பதற்குள் தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். அது பொய். கொடியை இறக்கி, மாற்றிக் கட்டி, மறுபடி ஏற்றுகிறவரை நேரம் இருந்தது. அதற்குப் பிறகுதான் ஒலிபெருக்கியில் கீதம் வந்தது. விறைப்பாக நின்றேன். கீதத்தின் நடுவே பேசக் கூடாது என்பது எவ்வளவு வசதியான மரியாதை! பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

யாரோ எடுத்த வீடியோ எல்லார் செல்போனிலும் சுற்றியது. யார் மேலாவது நடவடிக்கை எடுத்தாக வேண்டுமாம். மறுநாளிலிருந்து அவளை வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாளில் வீட்டுக் கொடிகள் சாக்கடை ஓரத்தில் கிடந்தன, பைக் துடைத்தன. பொறுக்க ஆளில்லை. பொறுக்குகிறவளைத்தான் அனுப்பியாயிற்றே.

உண்மையைச் சொல்லத்தான் இரும்புக்கடைக்குப் போனேன். நான் தொடங்குமுன்பே, "பாத்தியளா சார், உங்க பேரையில்லா கெடுக்கப் பாத்தா" என்றார் செயலாளர். "போகட்டும், விடுங்க" என்றேன், ஏதோ நான் அவளை மன்னிக்கிறவன் மாதிரி! டீ வாங்கிக் கொடுத்தார். அதையும் குடித்துவிட்டு வந்தேன். ஊரார் கொடியில் ஆரம் எண்ணினவன் நான். தூ!

குடியரசு தினத்துக்கும் என்னைத்தான் கட்டச் சொன்னார்கள். போனேன். மூன்று தடவை பார்த்துக் கட்டினேன். மிட்டாய்ப் பொட்டலத்தோடு திரும்பும்போது, பைபாஸ் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துப் பின்வாசலில் அவள் எச்சில் இலை அள்ளிக்கொண்டிருந்தாள். பார்க்காத மாதிரி கடந்துவிட நினைத்தேன். சட்டையில் குத்தியிருந்த கொடியை அவள் பார்த்துவிட்டாள்.

"சார், இன்னைக்குக் காவி மேல வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த இலையை எடுத்தாள்.