பச்சைப் பசையும் குதிரைத் தோலும்

என்னிடம் நான்கு பசைகளும் ஐந்து பரப்புகளும் இருந்தன. சவரக்கத்தி ஒன்றுதான்.

கல்லில் தீட்டிய கத்தி வெட்டும். ஆனால் முகத்தில் வைத்தால் ஏதோ பழைய கோபம் இருப்பதுபோல் இழுக்கும். அந்தக் கோபத்தைத் தணிக்க, தோலிலோ மரத்திலோ துணியிலோ மிக நுண்ணிய தூள் கலந்த பசையைத் தடவி, கத்தியை அதன்மேல் முதுகு முன்னே போக இழுக்க வேண்டும். எந்தப் பசையை எந்தப் பரப்பில் தடவுவது என்பதில் உலகம் மார்க்கச் சட்டத்தைப் போலவே பல மத்ஹபுகளாகப் பிரிந்து கிடக்கிறது. நான் எல்லா இமாம்களையும் இணையத்தில் கேட்டவன்.

ஐம்பது வயதில் பிடித்த கிறுக்கு இது. சிலர் அந்த வயதில் மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள். நான் வெளிநாட்டிலிருந்து ஒரு மடக்குக் கத்தி வரவழைத்தேன். அம்பிட்டியவிலுள்ள என் வீட்டின் பின்விறாந்தையில் காலைகளில் அதை இழுத்துக்கொண்டிருப்பேன். பார்க்க வந்த நண்பர்கள் மெச்சினார்கள். பத்திரிகையில் அதைப்பற்றி ஒரு நகைச்சுவைக் கட்டுரையும் எழுதினேன்.

மூன்றாம் வருடம் என் மகள் ஓர் ஒஸ்தாவின் மகனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். ஒஸ்தா என்றால் எங்களுக்குள் முடி வெட்டி, சவரம் செய்யும் குடும்பம். பையன் வங்கியில் வேலை. தகப்பனாருக்குக் கம்பளை ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு சலூன். நமக்குள் சாதி இல்லை என்று மூன்று கட்டுரைகள் எழுதியிருந்த நான், அது வேறு, இது வேறு என்றேன்.

"வாப்பா ஒவ்வொரு நாளும் காலேல செய்றதத்தானே அவர்ட வாப்பாவும் செய்ற" என்றாள் மகள்.

"நான் செய்றது பொழுதுபோக்கு."

இதைச் சொன்னபோது என் கையில் தோல்வார் இருந்தது.

கடைசியில் நிக்காஹில் பெண்ணின் பொறுப்பாளனாக, அதாவது வலியாக, இருந்து கையெழுத்துப் போட்டேன். சாப்பாட்டு நேரம் சம்பந்தியும் நானும் ஒரே சஹனில் உட்கார வைக்கப்பட்டோம். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, எல்லாக் கைகளும் ஒரே சோற்றில் விழும் சாப்பாடு அது. மூடியைத் திறந்ததும் எனக்குப் பிரஷர் கூடிவிட்டதாகச் சொல்லி எழும்பிவிட்டேன். ஐந்து பேர் மிச்சத்தைச் சாப்பிட்டார்கள். அந்த மண்டபத்தில் இருந்த எவருக்கும் என் பிரஷரைப் பற்றிச் சந்தேகம் இருக்கவில்லை. எல்லாருக்கும் விளங்கியிருந்தது.

இரண்டு வருடம் மகள் என்னோடு பேசவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு உம்மா வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். அவள் குண்டசாலையில் தன் வீட்டிலேயே இருந்துகொண்டாள். ஆண் பிள்ளை. மனைவி காலையில் பஸ்ஸில் போய்ப் பின்னேரம் வருவாள். முதல் நாளே செய்தி கொண்டுவந்தாள்.

"ஏழாம் நாள் முடி எடுக்கிறாங்க. ஒங்களயும் வரட்டாம்."

"யார் சொன்ன?"

"மகள்தான். மொத முடிய நீங்க எடுத்தா நல்லம்டு அவட மாமா, நம்மட சம்பந்திதான் சொல்லீக்கார். நீங்க போய் அவருக்கும் மகளுக்கும் ஒரு வார்த்த மன்னிப்புச் சொல்லுங்க. அது போதும். கத்தியெல்லாம் அங்க ஈக்கி."

"என்ட கத்திய நான் கொண்டு போறன்" என்றேன். மிச்சம் காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன்.

ஆறு நாள் இருந்தது. ஒரு வார்த்தைக்கு அது தாராளம். ஒரு கத்திக்குப் போதாது.

முதலில் பச்சைப் பசையைத் தோலில் தடவினேன். எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"அது என்ன தோல்?"

"வெளிநாட்டுத் தோல்."

"வெளிநாட்டுல எதுட தோல்? பச்சப் புள்ளட தலைல வெக்கிற கத்தி."

விற்றவனுக்கு மின்னஞ்சல் போட்டேன். குதிரை என்று மகிழ்ச்சியோடு பதில் வந்தது. பன்றி இல்லை என்றதும் அவளுக்கு அரை நிம்மதி. குதிரைக்கு என்ன சட்டம் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்கச் சொன்னாள். கேட்கப் போனால் எந்தப் பிள்ளை, எந்த வீடு என்ற கதையெல்லாம் வரும். மாட்டுத் தோலில் செய்த என் நல்ல இடுப்புவாரை வெட்டிப் பலகையில் ஒட்டினேன்.

இடுப்புவாரில் ஒரு குறை. மெத்தென்ற தோல் கத்தியின் பாரத்துக்குப் பதிந்து, பிறகு விளிம்பைச் சுற்றி எழும்புகிறது. விளிம்பை மெருகேற்ற வந்த தோலே அதன் கூர்மையை உருட்டி மழுக்கிவிடும். ஆகவே மரம். பள்ளிப் பிள்ளைகளின் செய்முறைப் பொருள் விற்கும் கடையொன்றில் பால்சாப் பலகை கிடைத்தது. நகம் பட்டால் குழி விழும் மரம். ஆனால் தட்டையாக நிற்கும். அதில் அரை மைக்ரோன் வைரப் பசை, பட்டாணி அளவு. இங்கே ஒரு தவறு செய்தேன். பச்சைப் பசை பட்ட விரலால் வைரத்தைத் தடவிவிட்டேன். ஒரு பரப்புக்கு ஒரு பசைதான். பருமனான தூள் ஒன்று கலந்தாலும் அந்தப் பலகை தொலைந்தது. திரும்பக் கடைக்குப் போனேன்.

பத்திரிகைத் தாளிலும் இழுத்துப் பார்த்தேன். அச்சு மையில் நுண்ணிய கரி இருக்கிறது, அதுவே ஒரு பசைதான் என்று ஒரு மத்ஹபு. என் கட்டுரை வந்த பக்கத்தில் இருபது முறை இழுத்தேன். கத்தி மழுங்கியது. விளம்பரப் பக்கத்தில் பரவாயில்லை.

சோதிக்க முகத்தில் முடி மிஞ்சவில்லை. இடது கையில் மழித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ செய்யச் சட்டைக் கையை மடித்தபோது பக்கத்துக் குழாயில் இருந்தவர் பார்த்தார்.

"என்ன சேர், கையில முடி கொட்டுண்டுதா?"

"ஆராய்ச்சி."

"அல்லாஹ் லேசாக்கட்டும்" என்றார், ஒரு நோயாளியிடம் சொல்வதுபோல்.

மன்னிப்பையும் எழுதிப் பார்க்காமல் இல்லை. வாரா வாரம் எண்ணூறு சொல் எழுதுகிறவன் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து ஒரு பத்தி எழுதினேன். 'நம் சமூகத்தில் ஊறிப்போன சில பழைய எண்ணங்கள்' என்று அது தொடங்கியது. மனைவி வாசித்தாள்.

"சமூகமா சஹன்ல இருந்து எழும்பின?"

தாளை மடித்துவிட்டு வைரப் பசைக்குத் திரும்பினேன். ஆறாம் நாள், தொங்கவிட்ட முடியொன்று கத்தி தொட்டதும் சத்தமில்லாமல் இரண்டாகியது. எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. எதற்கு வந்தது என்பதை நான் விசாரிக்கவில்லை.

ஏழாம் நாள் காலை ஆட்டோவில் குண்டசாலைக்குப் போனோம். சம்பந்தி வாசலுக்கே வந்தார். "வாங்க சேர், இரிங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டார். மேசையில் ஒரு கிண்ணத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர், பஞ்சு, பிளேட் மாற்றும் சலூன் கத்தி, பிரிக்காத ஒரு பிளேட் பக்கெட். உள்ளறையில் மகளின் குரல் கேட்டது.

நான் என் கத்தியைத் துணியிலிருந்து எடுத்தேன். அவர் இரண்டு விரலால் திறந்து, பெருவிரலை நனைத்து விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய முகத்தில் வந்தது மரியாதைதான், நடிப்பில்லை.

"சோக்கா ஈக்கி சேர். எதுல இழுத்த?"

அவர் எனக்காகத் திறந்த கதவு அது. நான் அதற்குள் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு நுழைந்தேன். பச்சைப் பசையில் தொடங்கினேன். தோல் ஏன் ஆகாது என்றேன். மைக்ரோன் என்றால் என்ன என்று விளக்கினேன். நாற்பது வருடம் கன்வஸ் துணியிலும் உள்ளங்கையிலும் கத்தி இழுத்த மனிதர் அவர். "அப்பிடியா சேர்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளை சிணுங்கியது. மனைவி இரண்டு முறை இருமினாள். மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு என் மகள் எனக்கு முன்னால் நிற்கிறாள். நான் பால்சா மரத்தில் இருந்தேன். வகுப்பில் இடைமறிக்கும் மாணவிக்குக் காட்டுவதுபோல் ஒரு விரலை உயர்த்தினேன். ஒரு நிமிடம்.

பத்திரிகைத் தாளுக்கு வந்தபோது சம்பந்தி அறைப் பக்கம் பார்த்து மோவாயை இலேசாக அசைத்தார். மருமகன் வந்து, மேசையில் இருந்தவற்றை எடுத்துக்கொண்டு மகளோடு உள்ளே போனார். நான் விளம்பரப் பக்கத்தின் மேன்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகள் மறுபடி வெளியே வந்தபோது பிள்ளையின் தலை மொட்டையாக, ஈரமாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. பீரிசுத் தட்டில் கொஞ்சம் கறுப்பு முடி.

"முடிஞ்சா?" என்றேன்.

"அவன் அழப் பாத்தான் வாப்பா. நீங்க வெரலக் காட்டின."

சம்பந்தி என் கத்தியை மடித்து, துணியில் சுற்றி, இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். மனைவி என்னையே பார்த்தாள். மகளும் போகாமல் நின்றாள். அவள் நின்றது எதற்காக என்று எனக்குத் தெரியும். சொல்ல வேண்டிய வார்த்தையும் தெரியும். மருமகன் துவாயில் கை துடைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"எந்த பிளேட் போட்ட?" என்று கேட்டேன்.

அவர் மரியாதையாகப் பெயரைச் சொன்னார். நல்லதா என்றேன். நல்லம் மாமா என்றார். மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளை நித்திரைக்குப் போயிருந்ததால் கதவை மிக மெதுவாகச் சாத்தினாள்.