சூட்டு விளக்கும் மிஸ்ஸியின் இடது கையும்

கந்தப்பளைக் கடைத்தெருவில் பாண் வாங்கப் போயிருந்தேன். கடைக்கார நானா பாணைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே, "ஒங்கட தோட்டத்து மிஸ்ஸி மௌத்தாம் மாஸ்டர். ஆரும் சொல்லலியா?" என்றார். மிஸ்ஸி இறந்துபோன சேதியை யாரும் சொல்லவில்லை. தோட்டத்தை விட்டு வந்த எனக்கு அங்கிருந்து நல்ல சேதிகூட வந்து சேர்வதில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா வலது தோளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜெபமணி மிஸ்ஸி எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் தாதியாகவும் மருத்துவிச்சியாகவும் இருந்தவர். லயத்து வரிசை வீடுகளில் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோரைக் கையில் வாங்கியவர் அவர்தான். அதைப் பலரும் பேசுவார்கள். நான் பேச நினைப்பது அவருடைய சூட்டு விளக்கைப் பற்றி.

எழுபதுகளில் தோட்டங்களை இலங்கை அரசாங்கம் எடுத்தபோது எங்கள் வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பினார். துரைசானி தன் மூட்டுவலிக்கு வைத்திருந்த விளக்கை மிஸ்ஸியிடம் கொடுத்துவிட்டுப் போனார். வளைகிற கழுத்து, அதன் முனையில் சிவப்புக் கண்ணாடிக் குமிழ். அந்த ஆண்டுகளில் எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது அது ஒன்றுதான். ஃபெக்டரி ஓடும் நேரத்தில்தான் டிஸ்பென்சரிக்குக் கரண்ட் வரும். பெண்கள் மாலையில் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த நனைந்த படங்குச் சாக்கை வாசலில் உதறிப் போட்டு வரிசையில் உட்காருவார்கள்.

விளக்கைச் சாமியாக்க மிஸ்ஸி விடவில்லை. கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு கொஞ்சம்தான், தெரியாத சூடுதான் அதிகம் என்பார். அந்தச் சூடு தோலுக்குக் கொஞ்சம் கீழே இறங்கும். சுருங்கிக் கிடக்கும் இரத்தக்குழாய்கள் விரியும். இரத்த ஓட்டம் கூடும். விறைத்த தசை இளகும். "இது நோவைத் தீத்துடாது. நோவு கொஞ்சம் தள்ளி நிக்கும். அந்த நேரத்துல கையைத் தூக்கி எறக்கிப் பழகுங்க. சும்மா போய்ப் படுத்துக்கிட்டா வெளக்கு வீண்" என்பார். புதிதாக வீங்கிய இடத்துக்கும் உணர்ச்சி மரத்த இடத்துக்கும் விளக்கு வைக்க மாட்டார். தைலம் பூசி வந்தால் துடைத்துவிட்டு வரச் சொல்வார். கண்களைத் துணியால் மூடுவார்.

கூடைக்கயிறு தலையில் இழுத்து இழுத்து அம்மாவின் கழுத்தும் தோளும் இறுகிப்போயிருந்தன. வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. அம்மாவின் கொழுந்து குறைந்தது. கங்காணி அரைப்பேர் போடத் தொடங்கினார். அரை நாள் கூலி, அவ்வளவுதான். அப்பா இல்லாத வீடு. நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன், தங்கைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கை நின்றால் எல்லாம் நிற்கும்.

மிஸ்ஸி அம்மாவின் தோளுக்கு விளக்கை வைத்துவிட்டு, "சுடுதா முத்தம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லீங்க மிஸ்ஸி."

திரும்பவும் கேட்டிருக்கிறார். அதே பதில். விளக்கை அணைத்தபோது தோளில் கொப்புளம் எழும்பியிருந்தது.

விடுமுறையில் வந்த நான் புண்ணைப் பார்த்துவிட்டுக் கத்தினேன். சுடுகிறது என்று சொல்ல என்ன கேடு என்று கேட்டேன். "சுடுதுன்னா, ஒனக்கு ஒத்துக்கல, நாளைக்கி வராதேன்னுருவாங்களே தம்பி" என்றார் அம்மா.

எங்கள் ஆட்கள் அப்படித்தான். துரை கேட்டாலும் கிளாக்கர் கேட்டாலும், வலிக்கிறதா, பசிக்கிறதா என்றால் 'இல்லீங்க'தான். அதைச் சொல்லிச் சொல்லியே மூன்று தலைமுறை போய்விட்டது.

மிஸ்ஸியிடம் சண்டைக்குப் போனேன். அவர் அம்மாவைக் குறை சொல்லவில்லை. "தப்பு என்னோடது தம்பி. நானும் லயத்துல பொறந்தவதான். இல்லீங்கன்னுதான் சொல்லுவாங்கன்னு தெரிஞ்சும் வாயால கேட்டேன் பாருங்க" என்றார். நான் வீட்டுக்குத் திரும்பினேன். இனி அங்கே போகக் கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

புண் ஆறியதும் அம்மா போனார். பெற்ற பிள்ளையின் சொல்லை விட வலி பெரிது.

அன்றிலிருந்து மிஸ்ஸி யாரிடமும் 'சுடுதா' என்று கேட்கவில்லையாம். நோயாளியின் தோளை ஒட்டித் தன் இடது கையை விளக்கின் கீழே நீட்டிக்கொள்வார். தன் கைக்குச் சூடு மிஞ்சினால் விளக்கைத் தள்ளி வைப்பார். இதமாக இருந்தால் விட்டுவைப்பார். பெண்கள் கேலி செய்தார்கள். "வைத்தியம் எங்களுக்கா, ஒங்களுக்கா மிஸ்ஸி?" என்பார்களாம். "ரெண்டு பேருக்குந்தான். சும்மா இருடி" என்பாராம் அவர்.

அம்மாவின் கை மெல்ல மெல்லக் கூந்தல் முடிகிற உயரத்துக்கு எழும்பியது. அரைப்பேர் நின்றது. நான் பயிற்சியை முடித்தேன். அம்மாவின் தோளில் கொப்புளத்தின் தழும்பு இன்னும் இருக்கிறது. அதை நான் மறந்துவிட்டதாக இங்கே எழுதப் போவதில்லை.

ஒருநாள் குமிழ் உடைந்தது. புதியது கேட்டு மிஸ்ஸி தோட்ட ஒஃபீஸுக்கு நடந்தார். துரை மாறினார், அடுத்தவர் வந்தார், பார்க்கலாம் என்றார்கள். பார்க்கவில்லை. துரை பங்களாவில் தண்ணீர் சுட வைக்கப் புது இயந்திரம் வந்தது. மிஸ்ஸி சுடுதண்ணீர்ப் போத்தலையும் துணி ஒத்தடத்தையும் வைத்துக்கொண்டு, ஓய்வு பெறும்வரை அதே வேலையைச் செய்தார். அந்தச் சூட்டையும் முதலில் தன் கையில் வைத்துப் பார்த்துத்தான் மற்றவருக்கு வைப்பாராம்.

அம்மாவும் நானும் மிஸ்ஸியின் சாவு வீட்டுக்குப் போனோம். ஒஃபீஸிலிருந்து யாரும் வரவில்லை. மலர்வளையமும் வரவில்லை. மழையில் நனைந்த கொழுந்துப் பெண்கள்தான் வாசல் நிறைய நின்றார்கள். பெட்டிக்குள் மிஸ்ஸிக்கு வெள்ளை நீளக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். அம்மா குனிந்து இடது கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டினார். ஆண்டுக்கணக்கில் சூடு பட்ட கை. தோலில் வலை விரித்ததுபோலப் பழுப்புக் கோடுகள்.

மிஸ்ஸியின் அக்கா மகள் தயங்கி, "பாக்க ஒரு மாதிரியா இருக்குன்னுதாங்க மூடினோம்" என்றாள்.

"அது எங்களுக்குப் பட வேண்டிய சூடு தாயி," என்றார் அம்மா. "தொறந்தே இருக்கட்டும்."

யாரும் சட்டையை இறக்கவில்லை. பெட்டியை மூடும் முன் நானும் அந்தக் கையைத் தொட்டேன். ஈர மலைக்காற்றில் சில்லிட்டுக் கிடந்தது.

மிஸ்ஸி, இனியாவது கையை எடுத்துக்கொள்ளுங்கள்.