முந்திரிக் கொட்டகையில் நான்கு தொட்டில்கள்

1. இன்ஸ்பெக்டர் ஐயா வரவில்லை

அறுபதுகளின் தொடக்கத்தில் தொழிற்சாலை ஆய்வுத் துறையில் பெண்கள் நலனுக்கான இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். நான் தனியாகப் போன முதல் இன்ஸ்பெக்‌ஷன் புதுக்கோட்டைப் பக்கத்து முந்திரிக் கொட்டகை ஒன்றில். தகவல் முன்பே போயிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கினேன். மாலையோடு நின்ற முதலாளி கருப்பையா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஐயா வரலீங்களா?"

"நான்தாங்க இன்ஸ்பெக்டர்."

மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டு, "வாங்க, வாங்க, சோடா சாப்புடுங்க" என்றார்.

ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும், பார்த்துக்கொள்ள ஆயா வேண்டும் என்பது சட்டம். கேட்பதற்கு முன்பே அந்த அறைக்கு என்னை அழைத்துப் போனார். சுண்ணாம்பு வாடை போகாத அறை. நான்கு தொட்டில்கள். பவுடர் பூசி, பட்டுப்பாவாடையும் புதுச் சட்டையுமாக நான்கு பிள்ளைகள். நான் பாராட்ட வாய் திறந்தபோது ஒரு சிறுமி ஓடிவந்து முதலாளியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"தாத்தா, முட்டாய் தாரேன்னீங்கள்ல, எங்க?"

மேஸ்திரிக்கு இருமல் வந்துவிட்டது.

"நம்ம பேத்திங்க. சும்மா பாக்க வந்துச்சு."

"மத்த மூணு பேரு?"

"அதுகளும்... சொந்தந்தாங்க" என்றவர் தானே சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

2. வேலிக்கு அந்தப் பக்கம்

கொட்டகைக்குள் போனேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டையின் எண்ணெய் தோலை அரிக்கும் என்பதால் கையெல்லாம் சாம்பல் பூசியிருந்தார்கள். "உங்க பிள்ளைங்க எங்கே?" என்றேன். தலையைக் குனிந்து இன்னும் வேகமாகத் தட்டினார்கள். வறுக்கும் அடுப்பருகே நின்ற ராக்கு என்ற பெண் மட்டும் வேலிப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஏழெட்டுக் குழந்தைகள் மண்ணில் கிடந்தார்கள். ஒரு பையனின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மரத்தில் கட்டியிருந்தார்கள். அவிழ்க்கக் குனிந்தேன். ராக்கு ஓடிவந்தாள்.

"அவுத்துராதீங்கம்மா! விட்டா அடுப்புக்குத்தான் ஓடுவான்."

பையனின் முழங்காலில் ஆறிய தீப்புண் ஒன்று தெரிந்தது. அவள் மகன்தான். ராமநாதபுரம் பக்கம் மழையில்லாமல் பிழைக்க வந்த குடும்பங்கள் அவை. கொட்டகைக்குப் பின்னால் ஓலைக்குடிசை போட்டிருந்தார்கள்.

"இத எழுதிராதீங்கம்மா. எங்கள ஊருக்குப் போகச் சொல்லிருவாக. அங்க போயி என்னத்தத் திங்கிறது?"

அவள் பயந்தது சரிதான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கொட்டகைக்குள் திரும்பி, முதலாளியிடம் நோட்டீஸ் தரப்போவதாகச் சொன்னேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"அம்பது பேருக்கு மேல இருந்தாத்தானேம்மா சட்டம்? வெளியூர்க்காரிகள நாளைக்கே அனுப்பிச்சுடுறேன். கணக்கு கொறஞ்சுரும்."

அவர் சொன்னது சட்டப்படி சரி. காப்பாற்ற வந்த நானே அவர்களை ஊரை விட்டு அனுப்பப் போகிறேனோ என்று, எழுத எடுத்த பேனாவை மூடினேன்.

அப்போது உள்ளூர்ப் பெண் செல்லம் கட்டையைக் கீழே வைத்தாள்.

"அவுக போனா நாங்களும் போறோம்."

"ஒனக்கென்ன வந்துச்சு?" என்றார் முதலாளி.

"அந்தப் பொகையில நிக்கிறது அவுகதான். நாளைக்கு யாரு நிப்பா, நீங்களா? எம்புள்ளையும் வீட்டுக்குள்ள பூட்டித்தான் கெடக்கு. அதுக்கும் அந்த ரூம்பு வேணும்."

ஒவ்வொரு கட்டையாக நின்றது. வறுத்த கொட்டை குவிந்து கிடந்தது. முதலாளி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குத் தைரியம் திரும்பியது.

"ஐயா, ரூம் இருக்கு, தொட்டில் இருக்கு, சுண்ணாம்பும் அடிச்சாச்சு. செலவு பூரா பண்ணிட்டீங்க. பிள்ளைங்கள மட்டும் மாத்துங்க."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்து, "சரி, தூக்கிட்டு வாங்கடி" என்றார். நிறைமாதக் கர்ப்பிணியாக அடுப்பருகே நின்றிருந்த ஒருத்தியை அன்றைக்கே ஆயாவாக்கினோம். பிரசவ லீவும் உண்டு என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. முதலாளியும் நம்பவில்லை.

3. எந்த செக்‌ஷன்?

என் குறிப்பில் "வெளியூர்ப் பெண்கள் எவரையும் இதன் காரணமாக நீக்குவதில்லை என்று முதலாளி ஒப்புக்கொண்டார்" என்று எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். ஆபீசில் மேலதிகாரி கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"இது எந்த செக்‌ஷன்லம்மா வருது?"

"செக்‌ஷன் இல்ல சார். அவரா ஒத்துக்கிட்டது."

"பலே" என்று இனிஷியல் போட்டார்.

அடுத்த முறை சொல்லாமல் போனேன். கொடியில் ஈரத்துணிகள் காய்ந்தன. பிள்ளைக்கு ஒரு டம்ளர் வீதம் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள் ஆயா. ராக்குவின் மகன் அறை முழுக்க ஓடினான். முதலாளி என்னிடம், "இப்பல்லாம் ஒருத்தியும் வேலைக்கு வராம நின்னுக்கிறதில்லைங்க, தெனம் வந்துர்றாளுக" என்றார், ஏதோ அவரே கண்டுபிடித்த யோசனை மாதிரி. நான் மறுக்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். குறையை எழுதுமுன், எழுதினால் யாருடைய வேலை போகும் என்று அந்தப் பெண்களிடமே கேளுங்கள். அதற்கு வழி செய்துவிட்டு எழுதுங்கள். அந்த அறையைக் கட்ட வைத்தது சட்டம். அதற்குள் சரியான பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தவள் செல்லம்.