ஐரோப்பாவுக்கு வைத்த தாம்பூலம்

ஐரோப்பாவின் சம்பந்தம் ஒன்று எங்கள் வீட்டு முற்றத்தில்தான் சுமுகமாக முடிந்தது என்றால் இன்றும் யாரும் நம்புவதில்லை. எனக்கு அதில் கவலையில்லை. கேசரி தின்றவள் நான்.

செங்கம் சாலையிலிருந்த எங்கள் வீட்டின் பின்பக்க அறைகள் இரண்டையும் ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். எண்பத்தாறாம் வருடம் பிறந்தபோது ஒன்றில் ஸ்பெயின்காரம்மா, மற்றதில் பிரான்ஸ்காரர். புத்தாண்டன்று ரேடியோவைக் காதோடு வைத்திருந்த ஸ்பெயின்காரம்மா, திடீரென்று கூவிக்கொண்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பில் அவர் நாட்டையும் பக்கத்து போர்ச்சுகலையும் சேர்த்துக்கொண்டார்களாம். கல்லூரியில் படித்த அக்கா மொழிபெயர்த்தாள். அம்மா உடனே கேசரி கிண்டிவிட்டாள்.

பிரான்ஸ்காரர் மட்டும் கேசரியைத் தொடாமல் கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்பெயின்காரம்மாவின் முகம் வாடிவிட்டது. அதுவரை இருவரும் ஒன்றாகத்தான் மலை சுற்றுவார்கள்.

அக்கா போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "அவரோட அப்பா திராட்சை போட்டிருக்காராம்மா. இனிமே ஸ்பெயின் சரக்கு கம்மி வெலைக்கு வந்து எறங்கும், எங்க கதி என்னான்னு கேக்கறாரு."

கரண்டியைப் பிடித்திருந்த அம்மாவின் கை நின்றது. கீழ்பென்னாத்தூரில் எங்களுக்கும் வேர்க்கடலை நிலம் இருந்தது.

"வயித்தெரிச்சலோட ஒருத்தர வுட்டுட்டு நாம சாப்புட்டா செரிக்குமா? பொண்ணு வூட்டுக்காரங்கதான் போயி அழைக்கணும்னு அந்தம்மாகிட்ட சொல்லுடி."

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டார் ஒருவராவது முறுக்கிக்கொள்வார். பெண் வீட்டார் தாம்பூலத் தட்டோடு போய் அழைத்தால்தான் பந்திக்கு வருவார். புதிதாகச் சேரும் ஸ்பெயின்தான் அம்மாவின் கணக்கில் பெண் வீடு. அந்த முறைப்படியே ஸ்பெயின்காரம்மாவின் கையில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டைக் கொடுத்து, சந்தனக் கிண்ணத்தோடு பின்னாலேயே போனாள் அம்மா. கதவைத் திறந்த பிரான்ஸ்காரர் தட்டைப் பார்த்தார், அந்தம்மாவைப் பார்த்தார், சிரித்துவிட்டார். கேசரியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

பள்ளி திறந்ததும், ஐரோப்பாவை எங்கம்மாதான் சேர்த்துவைத்தாள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டுமே, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பல வருடங்கள் கழித்து வெளிநாட்டுச் சமையல் எண்ணெய் கப்பல் கப்பலாக, கம்மி விலைக்கு வந்து இறங்கியது. எங்கள் கடலையை மண்டியில் கேட்பாரில்லை. வீட்டுக்கு வந்த அப்பா கதவைச் சாத்திக்கொண்டார். அம்மாவின் கை அன்று ஏன் நின்றது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எங்களை அழைக்க எந்த நாட்டுக்காரரும் தாம்பூலத்தோடு வரவில்லை. அம்மாதான் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதவருகே நின்றாள்.